21-ஆவது கொள்கை: சுதந்திராக் கட்சியைப் பெரணமல்லூரிலிருந்து வாசிப்பது

இணையத்தில் சுதந்திராக் கட்சியைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் ஒரு பெருமூச்சு வந்துவிடுகிறது. 1991-ல் வந்தது 1959-லேயே வந்திருக்கும், நேரு விடலை, ராஜாஜி அப்பவே சொன்னார், யாரும் கேட்கலை. 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று அவர் வைத்த பெயரைப் பனியனில் அச்சடித்து விற்காததுதான் பாக்கி. இந்தப் பெருமூச்சில் உண்மை இருக்கிறது. ஆலையில் கூடுதலாகக் கதிர் போடுவதற்கே டெல்லியில் போய் நிற்க வேண்டியிருந்த காலம் அது. ஆனால் பெருமூச்சு விடுகிறவர்கள் வாசிப்பது மினூ மசானியின் கட்சியை மட்டும். அதே பெயரில், அதே நட்சத்திரச் சின்னத்தில், இன்னும் மூணு நாலு கட்சிகள் குடியிருந்தன. அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஏற்பாடும் இருந்தது. அந்த ஏற்பாட்டை ஒரு நெசவு வட்டாரத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் என் கேள்வி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை முறையை நோக்கிப் போவதாகத் தீர்மானம் போட்டது. நிலம் வைத்திருந்தவர்கள் வயிற்றில் புளி கரைந்தது. அந்த ஜூன் மாதம் சென்னையில் புதுக்கட்சி அறிவிக்கப்பட்டபோது ராஜாஜிக்கு வயது 80. தலைவர் என்.ஜி. ரங்கா: ஆந்திரத்தில் விவசாயிகளைத் திரட்டியவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தும் குடியானவர் அரசியலை விடாதவர். பொதுச் செயலாளர் மசானி: 1934-ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், சோவியத் அனுபவத்தைப் பார்த்துக் கசந்துபோய் மறுபக்கம் வந்தவர், டாட்டா நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கே.எம். முன்ஷி: பாரதிய வித்யா பவனை நிறுவியவர், சோமநாதர் கோயிலைத் திரும்பக் கட்டுவதில் முன்னால் நின்றவர். பின்னாடியே மன்னர்கள். 1962-ல் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி 1.92 லட்சம் வாக்கு வாங்கி நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தத் தேர்தலில் கட்சிக்கு 18 இடம். 1967-ல் 44, மக்களவையின் பெரிய எதிர்க்கட்சி. 1971-ல் 8. 1974-ல் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தே போனது. பதினைந்து வருஷ ஆயுள்.

கட்சியின் பெயரிலேயே சுதந்திரம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேற. ரங்காவுக்குச் சுதந்திரம் என்றால் உழுகிறவன் கையில் பட்டா. மசானிக்கு அது வாங்குபவனும் விற்பவனும் நடுவில் அதிகாரி இல்லாமல் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். முன்ஷிக்கு அரசுக்கும் முந்திய ஒரு பண்பாடு. மன்னர்களைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம், மானியமும் மரியாதையும் தொடர்ந்தால் அவர்களுக்குப் போதும். ராஜாஜி இந்த எதிலும் முழுசாக அடங்கமாட்டார். அவருடைய உலகத்தில் மனிதன் முதலில் தன்னை அடக்கத் தெரிந்தவனாக இருக்கணும். அப்புறம்தான் அரசு அவனை விட்டு விலகணும். அடங்கத் தெரியாதவனிடம் அரசு தாராளமாக வரலாம். 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். அதனால் வந்த வருமான இழப்பை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டவரும் அவரேதான். வரி என்றாலே கொதிக்கிற நம்ம ஆட்கள் இந்த இடத்தை மெதுவாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இத்தனை பேரையும் ஒரே பாயில் உட்காரவைத்தது எது? கட்சி 21 அடிப்படைக் கொள்கைகளை வகுத்தது. தனிமனித முயற்சி, குறைந்தபட்ச அரசுத் தலையீடு, சொத்துரிமை, உழுகிறவனே உடைமையாளனாக இருக்கும் விவசாயம், போட்டியின் வழியாகத் தொழில் வளர்ச்சி, கூடவே காந்தியின் தர்மகர்த்தா கொள்கை, மரபின் ஆன்மிக மதிப்புகள். படிக்கும்போதே பல கை எழுதியது என்று தெரியும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கடைசியில் நிற்கும் 21-ஆவது. இந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள எந்த விஷயத்திலும் உறுப்பினர்கள் தங்கள் இஷ்டப்படி கருத்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. பார்க்க ரொம்ப ஜனநாயகமாக இருக்கிறது. கட்சிக் கொறடாவின் சொல்லுக்குக் கை தூக்கியே பழகிப்போன நமக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஆனால் பட்டியலுக்கு வெளியே எதெல்லாம் விடப்பட்டது என்று பாருங்கள். மதுவிலக்கு வெளியே. அதை உள்ளே வைத்திருந்தால், குடிப்பவன் கையைப் பிடிக்க அரசுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியில் மசானியின் தர்க்கமும் ராஜாஜியின் தர்க்கமும் நேருக்கு நேர் நின்றிருக்கும். மொழி வெளியே. 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் இந்தியை ஆட்சிமொழியாக்கிய சமரசத்துக்கே முன்ஷி-அய்யங்கார் வாய்பாடு என்றுதான் பெயர். ராஜாஜியோ 1938-ல் இந்தியைப் பள்ளியில் கட்டாயமாக்கிப் பல நூறு பேரைச் சிறைக்கு அனுப்பியவர், 1950-களின் கடைசியில் இந்தி எதிர்ப்பின் முதல் வரிசைக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே கட்சி. சாதி, கோயில், மதமாற்றம் எல்லாம் வெளியே. குடும்ப விசேஷத்தில் சொத்துத் தகராறு பேசக்கூடாது என்று பெரியவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள் இல்லையா, 21-ஆவது கொள்கை எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

ஆய்வாளர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. ஹோவர்ட் எர்ட்மன் 1967-லேயே இந்தக் கட்சியை இந்தியப் பழமைவாதத்தின் வரலாற்றுக்குள் வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இந்திய வலதுசாரியில் பல சரடுகள் இருப்பதை அவர் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறார். 2023-ல் ஆதித்ய பாலசுப்ரமணியனின் புத்தகம் வந்தது. 'சுதந்திரப் பொருளாதாரம்' என்ற கருத்து எந்தச் சமூகங்களின் கவலையிலிருந்து, எந்தப் பத்திரிகைகள் வழியாக உருவானது என்று அது தேடிப் போகிறது. இரண்டும் படிக்க வேண்டியவை. ஆனால் இரண்டிலும் கட்சிக்குள் நிலம் வைத்திருந்தவனும் ஆலை வைத்திருந்தவனும் தெரிகிற அளவுக்குத் தறியில் உட்கார்ந்திருந்தவன் தெரியவில்லை. அவன் அந்தக் கட்சியில் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். ஏன் இல்லை என்பதும் கேட்க வேண்டிய கேள்விதானே.

பெரணமல்லூர் ஆரணிப் பட்டு வட்டாரத்தில் ஒரு பேரூராட்சி. 2006 தேர்தல் வரை சொந்தப் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது, தொகுதி மறுசீரமைப்பில் அதுவும் போச்சு. பழைய வட ஆற்காடு. இந்தப் பக்கத்து வாக்கை 1952-ல் மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி அள்ளியது, ராஜாஜி அவரை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அதற்கப்புறம் காங்கிரஸ், அப்புறம் சூரியன். நட்சத்திரம் இங்கே பெரிதாக மின்னவே இல்லை. ஆனால் அந்தக் கட்சியின் மூளைக்குள் நடந்த சண்டையைப் புரிந்துகொள்ள இந்த ஊரைவிட நல்ல இடம் கிடையாது. ஏனென்றால் அந்தச் சண்டை தறியைப் பற்றியது.

1952-ல் சென்னை மாநிலத்தில் கைத்தறி நசிந்து கிடந்தது. துணி தேங்கி, நூல் விலை ஏறி, நெசவாளர்கள் தெருவுக்கு வந்த நேரம். 1953-ல் அண்ணாவே திருச்சி வீதியில் கைத்தறித் துணியைத் தோளில் போட்டு விற்றார். அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜி டெல்லியிடம் என்ன கேட்டார் தெரியுமா? வேட்டியும் புடவையும் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கணும், ஆலைகள் அதை நெய்யக் கூடாது. கேட்டது முழுசாகக் கிடைக்கலை. வேட்டி நெய்ய ஆலைகளுக்கு ஒரு உச்சவரம்பு வந்தது. அதைத் தாண்டினால் கூடுதல் கலால் வரி என்று 1953-ல் சட்டம் வந்தது. ஆலைத் துணிமேல் தீர்வை போட்டுக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவழிக்க இன்னொரு சட்டம்.

இதை ஒரு நிமிஷம் நிதானமாகப் பாருங்கள். எந்தப் பொருளை யார் செய்யலாம் என்று அரசு தீர்மானிக்கிறது. ஒரு தரப்புக்குக் கோட்டா, இன்னொரு தரப்புக்குத் தடை, மீறினால் தண்டம். ஏழு வருஷம் கழித்து எந்த ராஜ்யத்தை எதிர்த்து அவர் கட்சி தொடங்கினாரோ, அதன் எல்லா உறுப்பும் இந்தக் கோரிக்கையில் இருக்கிறது. இத்தனைக்கும் அதே 1952-ல்தான் உணவு தானியக் கட்டுப்பாட்டை ஒரே அடியில் நீக்கி, ரேஷனை எடுத்து, அரிசி தன் வழியில் ஓடட்டும் என்று விட்டவர் அவர். அரிசிக்குச் சந்தை, வேட்டிக்கு வேலி.

முரண்பாடு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ராஜாஜியின் உள்ளே இதில் முரண்பாடு இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அரிசி வியாபாரத்தில் அதிகாரி குறுக்கே நிற்பது அவருக்குக் கிராமத்தின் இயல்பான ஓட்டத்தை அடைப்பது. ஆலை வேட்டி நெய்வதும் அதே ஓட்டத்தை அடைப்பதுதான். இரண்டு இடத்திலும் அவர் காப்பாற்றப் பார்த்தது சந்தையை அல்ல, ஒரு பழைய ஒழுங்கை. அந்த ஒழுங்குக்கு எங்கே சந்தை உதவுமோ அங்கே சந்தை, எங்கே சட்டம் உதவுமோ அங்கே சட்டம். மசானியால் இப்படி யோசிக்க முடியாது. அவருக்குப் போட்டி என்றால் எல்லாத்துக்கும் போட்டி. மலிவாக நெய்கிறவன் நெய்யட்டும், வாங்குகிறவன் தீர்மானிக்கட்டும்.

இதில் யார் பக்கம்? நெசவு வட்டாரத்துக்காரனாக நான் வேட்டிக்கு வேலி கேட்ட ராஜாஜி பக்கம், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர் கேட்டது வேற ரூபத்தில் 1985-ல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டமாக வந்தது. 22 ரகம் ஒதுக்கினார்கள். ஆலைகளும் விசைத்தறிக்காரர்களும் வழக்குக்குப் போய், 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லும் என்றது. 1996-ல் பட்டியலை 11 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பதினொன்றில் புடவை இருக்கிறது, பட்டுப் புடவையும் சேர்த்து. விசைத்தறியில் நெய்த பட்டு கைத்தறி என்ற பெயரில் கடையில் தொங்குவது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஓட்டை வேலி இருப்பதால்தான் ஆரணிப் பக்கம் குழித்தறிச் சத்தம் இன்னும் கொஞ்சம் கேட்கிறது. தூய சந்தைக் கொள்கையைப் பெருமூச்சோடு நினைக்கிறவர்கள் இந்தச் சட்டத்தை என்ன செய்வார்கள்? எடுப்போம் என்று சொல்கிற நேர்மை வேணும், இல்லை வைத்துக்கொள்வோம் என்று சொல்லி மசானியைக் கைவிடணும். சுதந்திராக் கட்சி இரண்டையும் செய்யலை. 21-ஆவது கொள்கை இருக்கவே இருக்கிறது.

ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டு நெசவில் பெரும்பாலும் முதலாளிதான் பட்டும் ஜரிகையும் கொடுப்பார், நெசவாளி கூலிக்கு நெய்வார். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று அட்வான்ஸ் வாங்கியிருப்பார். அட்வான்ஸ் தீராமல் வேற முதலாளியிடம் போக முடியாது. கையெழுத்து அவர் கையெழுத்துதான், யாரும் கையைப் பிடித்துப் போடவைக்கலை. மசானியின் அகராதியில் இது இரண்டு சுதந்திர மனிதர்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். ராஜாஜிக்கு இது அப்படி இல்லை என்று நன்றாகவே தெரியும். அவருடைய 'திக்கற்ற பார்வதி' கதையைப் படித்தவர்களுக்கு அது புரியும். குடியும் கடனும் சேர்ந்து ஒரு ஏழைக் குடும்பத்தை எப்படித் தின்னும் என்று அவர் எழுதியிருக்கிறார். இஷ்டப்பட்டுத்தானே குடித்தான், இஷ்டப்பட்டுத்தானே வாங்கினான் என்ற வாதம் அந்தக் கதைக்கு முன்னால் நிற்காது. கதாசிரியர் ராஜாஜிக்குத் தெரிந்தது அவருடைய கட்சியின் பொருளாதாரத்துக்குள் ஏறவே இல்லை. நம்ம ஊர் விமர்சனத்தில் அவர் கதைகளை நீதிக்கதை என்று ஒதுக்கிவிடுகிறோம். கலையாக அவை மெலிந்தவைதான், மறுக்கலை. ஆனால் அவருடைய அரசியலை வாசிக்க அந்த மெலிந்த கதைகள் அவசியம்.

இதுவரைக்கும் ராஜாஜியைத் தூக்கிப் பிடித்தாயிற்று. இனிமேல்தான் கஷ்டம். வேட்டிக்கு வேலி கேட்ட அதே முதலமைச்சர், 1953-ல் கிராமப் பள்ளிகளுக்குப் புதுத் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுத் தொழில். ஒரே ஆசிரியரை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். பள்ளியும் ஆசிரியரும் பற்றாமல் இருந்தது உண்மையும்கூட. எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள், பெயர் நின்றுவிட்டது. 1954-ல் அவர் பதவியை விட்டார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். திட்டம் நகரத்துக்கு இல்லை, கிராமத்துக்கு. மயிலாப்பூர் வக்கீல் மகன் முழுநேரம் படிப்பான். பெரணமல்லூர் நெசவாளி மகன் மத்தியானம் தறிக்கு வந்துவிடணும்.

தறியில் பிள்ளை என்பது எங்கள் பக்கம் ஏதோ கற்பனை இல்லை. கோர்வைப் புடவை நெய்ய இரண்டு ஆள் வேணும். உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். கரைக்கான நாடாவை எறிய நெசவாளிக்குப் பக்கத்தில் ஒருத்தர் உட்காரணும். அந்த இரண்டாவது ஆள் ரொம்ப காலம் பெரும்பாலும் ஒரு பிள்ளை. முதலாளியிடம் வாங்கிய கடனுக்காக உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. கல்யாணக் கூடத்தில் பளபளக்கிற அந்தப் புடவையின் கரை அப்படி நெய்யப்பட்டதுதான். ராஜாஜியின் கனவில் அப்பனிடம் மகன் கைத்தொழில் கற்கிறான், ஒழுக்கமும் கற்கிறான். தறிக்குழியில் நடந்தது அது இல்லை.

எனக்குச் சிக்கல் இங்கேதான். தறியைக் காப்பாற்றச் சொன்னதும், தறிக்காரன் மகனைத் தறியோடு விடச் சொன்னதும் ஒரே மனசு. அந்தப் பழைய ஒழுங்கில் எல்லாருக்கும் ஒரு இடம் உண்டு, அந்த இடம் பறிபோகாமல் பார்த்துக்கொள்ள அரசு வரணும். ஆனால் இடத்தை மாற்றிக்கொள்ள யாரும் அவசரப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியுமா? அண்ணாவும் காமராஜரும் முடியும் என்று காட்டினார்கள் என்பேன். கைத்தறியைத் தோளில் போட்டு விற்றவரின் கட்சிதான் குலக்கல்வியையும் எதிர்த்தது. தறியை ஒரு தொழிலாகப் பார்த்தால் இரண்டையும் பிரிக்கலாம். அதைப் பிறப்பின் கடமையாகப் பார்த்தால் பிரிக்க முடியாது. ராஜாஜி இரண்டாவது வகை. மசானியின் தாராளவாதம் ஒரு நெசவாளி மகனுக்கு ஏதாவது கொடுக்க முடிந்தது என்றால் அது இங்கேதான்: உன் அப்பன் செய்ததை நீ செய்ய வேண்டியதில்லை, கிளம்பு. தனிமனிதனைப் பற்றி அவ்வளவு பேசிய கட்சி, குலக்கல்வியைக் கொண்டுவந்தவரைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழ்நாட்டில் உரக்கச் சொல்ல முடியாமல் நின்றது. தறியில் இருந்தவனுக்கு வேலி வேணும், அவன் மகனுக்கு வாசல் வேணும். கட்சிக்குள் ஒருத்தரிடம் வேலி இருந்தது, இன்னொருத்தரிடம் வாசல் இருந்தது. அவர்கள் சந்தித்துப் பேசவே கூடாது என்று கொள்கை எழுதிவைத்திருந்தார்கள்.

1967-ல் நடந்ததையும் இதோடு சேர்த்து வாசிக்கலாம். தி.மு.க. கூட்டணியில் சுதந்திராக் கட்சிக்குச் சென்னை சட்டமன்றத்தில் 20 இடம் கிடைத்தது. ஒரு கையில் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சூரியனுக்குப் போடுங்கள் என்று ராஜாஜி சொன்னதாக இன்றைக்கும் சொல்வார்கள். கூட்டாளியின் வாக்குறுதி, ரூபாய்க்கு மூணு படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம். அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியவர், அரிசி விலையை அரசு நிர்ணயிக்கும் என்ற மேடையில் உட்கார்ந்தார். 1971-ல் அதே தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது, தொண்ணூறைத் தாண்டிய அந்த மனிதர் வேண்டாம் என்று கருணாநிதியிடம் நேரில் போய்க் கேட்டார். பலிக்கவில்லை.

அதே 1967-ல் ஒடிசாவில் சுதந்திராக் கட்சி தலைமையில் ஆட்சியே அமைந்தது. பழைய பாட்னா சமஸ்தானத்து ஆர்.என். சிங் தேவ் முதலமைச்சர். குறைந்தபட்ச அரசுத் தலையீடு என்ற கொள்கையோடு ஆட்சிக்கு வந்த அந்த அரசு, ஒடிசா மதச் சுதந்திரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெயரைக் கவனியுங்கள், இதிலும் சுதந்திரம். சுதந்திர இந்தியாவின் முதல் மதமாற்றத் தடைச் சட்டம் அது. ஒரு மனிதன் எந்தச் சாமியைக் கும்பிடலாம் என்பதைவிட அந்தரங்கமான விஷயம் எது? கூடுதல் கதிர் போட அனுமதி வாங்குவதை அடிமைத்தனம் என்றவர்கள் சாமி மாறுகிற இடத்தில் அரசைக் காவலுக்கு நிறுத்தினார்கள். பெருமூச்சுக் கட்டுரைகளில் இந்தச் சட்டத்துக்கு ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை.

இந்த மாதிரி ஒட்டுக்கட்சி நம்ம ஊர் விநோதம் ஒன்றும் இல்லை. 1950-களில் அமெரிக்காவில் ஃப்ராங்க் மேயர் போன்றவர்கள் சந்தைவாதிகளையும் மரபுவாதிகளையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர ஒரு கோட்பாடே உருவாக்கினார்கள். கம்யூனிஸம் என்ற பொது எதிரி இருந்தவரைக்கும் கூரை நின்றது. பிரிட்டனில் டிஸ்ரேலியின் கட்சியும் தாட்சரின் கட்சியும் பெயரளவில் ஒன்றுதான். இங்கே வாஜ்பாய் அரசு பொதுத்துறைப் பங்குகளை விற்கக் கிளம்பியபோது முதலில் சத்தம் போட்டவர்களில் சுதேசி ஜாக்ரண் மஞ்சும் பாரதிய மஸ்தூர் சங்கமும் உண்டு, இரண்டும் அதே பரிவாரம். வித்தியாசம் என்னவென்றால் அவர்கள் சண்டையைக் கட்சிக்கு வெளியே தனி அமைப்புகள் வைத்து வெளிப்படையாகப் போட்டார்கள். சுதந்திராக் கட்சியிலோ, பொது எதிரியான நேருவுக்கு அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் வந்தபோது கட்சியே இல்லை.

கலைந்தபோது ஒவ்வொரு சரடும் தன் வழியில் போனது. ரங்கா காங்கிரஸுக்கே திரும்பினார். 1971-ல் மன்னர் மானியம் ஒழிந்தது. ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று காலமானார். மசானி மட்டும் எந்த வண்டியிலும் ஏறலை. நெருக்கடி நிலைக் காலத்தில் 'ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்' பத்திரிகைக்குத் தணிக்கை வந்தபோது பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய் 1976-ல் ஜெயித்தார். கட்சியாக இருந்தபோது கூட்டணிக் கணக்கில் மங்கிப்போயிருந்த அந்தத் தாராளவாதம், கூட இருந்தவர்கள் எல்லாரும் போனபிறகுதான் தனியாக, துல்லியமாகத் தெரிகிறது.

ஆரணி வட்டாரத்தில் இன்றைக்கு நெசவாளர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைப்பதில்லை. செய்யாறு சிப்காட்டுக்கும் சென்னைக்கும் அனுப்புகிறார்கள். அதே வீட்டில், ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைவைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தால், தறியில் இருக்கிற அப்பா முதல் ஆளாகக் கொடி பிடித்துக் கிளம்புவார்.